பெட்ரோலில் எத்தனை சதவீதம் எத்தனால்? பங்கில் எழுதி வைக்கட்டும்!



அரைக் கிலோ துவரம்பருப்பைப் பாக்கெட் போட்டு விற்றாலும் பெயர், எடை, விலை, மாதம், புகார் முகவரி எல்லாம் அச்சிட வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. ஒன்று விட்டுப்போனாலும் அபராதம். நமது சின்ன காஞ்சிபுரத்தில் சேலை எடுக்க வருபவர் பட்டு அசல்தானா, சரிகை என்ன தரம் என்று கேட்கிறார்; சொல்லித்தான் விற்கிறோம். அது நியாயமே.

அந்த நியாயம் பெட்ரோலுக்கும் வேண்டாமா?

தமிழ்நாடு உள்பட 9 மாநிலங்களில் 2003-இல் 5 சதவீத எத்தனால் கலப்பு தொடங்கியது. நாட்டில் அது 2022-இல் 10 சதவீதத்தையும், 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. கரும்பு, மக்காச்சோளம் பயிரிடும் விவசாயிக்கு வருமானம். அந்நியச் செலாவணியும் மிச்சம். திட்டத்தை நாம் குறை கூறவில்லை. விவரம் சொல்லி விற்கச் சொல்கிறோம்.

எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த பழைய வண்டிகளில் 20 சதவீதம் ஊற்றினால், கார்களுக்கு 6 முதல் 7 சதவீதமும், இருசக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கூறியது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு அது 2 கிலோமீட்டர். தினமும் சரக்கு போடும் நமக்கு இது சில்லறைக் கணக்கு அல்ல. மேலும், டேங்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனால் அதனோடு சேர்ந்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் மூடியைக் கவனியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் முதல் பம்பிலும் புதிய வண்டியிலும் இ-5, இ-10 என்று ஒரே அடையாளம் ஒட்டுகிறார்கள். அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்புக்கு ஆரஞ்சு நிறச் சீட்டு உண்டு. எந்த வண்டிக்கு ஆகாது என்பதும் அதில் இருக்கும்.

நம் நாட்டில் வண்டி இ-20-க்கு ஏற்றதா என்று தயாரிப்பாளர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என 2021-இல் விதி வந்தது. பங்கிலும் கட்டாயமாக எழுத வேண்டும், எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்று கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. இனி அரசுதான் மனம் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பம்பிலும் கலப்புச் சதவீதமும், எந்த வண்டிக்கு ஏற்றது என்பதும் தமிழில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இதைச் சங்கங்கள் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். நமக்கு ஒரு சட்டம், பங்குக்கு ஒரு சட்டம் என்பது வணிக தர்மம் ஆகாது.