புரோக்கர் பேச்சு இனிக்கும். பத்திரம் என்ன சொல்கிறது?

போடிநாயக்கனூர்ப் பக்கம் ஏலக்காய்ப் பறிப்பு முடிந்து கையில் நாலு காசு புரளும் சமயத்தில், "ஊருக்குள்ளே ஒரு வீடு வாங்கிட்டா என்ன?" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழும். அது காதில் விழுந்த மறுநாளே வாசலில் புரோக்கர் நிற்பார். "மதினி, கிழக்குப் பார்த்த வீடு. ரயிலும் வந்தாச்சு, இனிமே விலை ஏறத்தான் செய்யும். நாளைக்கே அட்வான்ஸ் கொடுத்துருங்க!"

ரயில் வந்தது நிஜம்தான். 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2023 ஜூன் 15 முதல் மறுபடி போடிக்கு வருகிறது. ஆனால் ரயிலுக்கும் அந்த வீட்டுப் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

தரகரே வேண்டாம் என்பதில்லை. நல்லவர் கிடைத்தால் பாதி அலைச்சல் மிச்சம். நல்லவரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நல்ல தரகர் அட்வான்ஸ் கேட்பதற்கு முன்னால் காகிதத்தைக் காட்டுவார். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் உஷாராக இருங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது ஆகியவற்றின் நகல் கொடுப்பாரா? 30 வருஷத்து வில்லங்கத்தை நீங்களும் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே எடுத்துத் தந்துவிடும். பிறகு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அந்த வக்கீல் தரகர் அழைத்து வந்தவராக இருக்க வேண்டாம்.

பூர்வீக வீடு என்றால், "விற்கிறவருக்கு அக்கா தங்கச்சி உண்டா? அவங்க கையெழுத்துப் போடுவாங்களா?" என்று கேளுங்கள். 2005-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. "பொம்பளைப் பிள்ளைகதானே, கேட்க மாட்டாங்க" என்று சொல்லும் தரகரை நம்பி வாங்கினால், நாளைக்குக் கோர்ட்டு வாசலில் நிற்கப்போவது நீங்கள்தான்.

புது லேஅவுட்டில் மனையா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைத் திட்டம் 'ரெரா' ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதில் மனை விற்றுக் கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்தப் பேச்சை அத்தோடு விடுங்கள்.

"மலை மேலே தோட்டத்தோடு வீடு, சல்லிசான விலை" என்கிறாரா? போடிமெட்டு தாண்டினால் கேரளத்து இடுக்கி மாவட்டம். அங்கே வில்லங்கம் பார்ப்பதும் பத்திரம் பதிவதும் அந்த மாநிலத்து அலுவலகங்களில்தான். ஏலமலைக் காட்டில் பல தோட்டங்கள் ஏல விவசாயத்துக்கென்றே அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலம். வீட்டு மனையாக நினைத்து வாங்கக் கூடாது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதுப் பட்டா கொடுக்கத் தடை விதித்தது. டவுனுக்குள் வீடு முடித்துக் கொடுக்கிற தரகருக்கு இந்த விவரமெல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

காசு விஷயம்

கமிஷன் நூற்றுக்கு எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பத்திரம் பதிந்த அன்றைக்குக் கொடுப்பதே நல்லது. அட்வான்ஸை வீட்டுக்காரர் கணக்கில் வங்கி மூலம் கட்டுங்கள். தரகர் கையில் கொடுக்காதீர்கள். 2015 ஜூன் முதல், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அசல் பத்திரத்தைத் தரகரிடம் தராதீர்கள், நகல் போதும். "உங்களுக்கு இம்புட்டுத் தந்துடறேன், மேலே கிடைக்கிறது எனக்கு" என்ற பேரத்துக்குச் சம்மதிக்காதீர்கள். வாங்குகிறவரை நேரில் பார்த்து, விலையை அவரிடமே பேசுங்கள்.

இன்னொரு நல்ல சேதி. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்ச ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. கழுத்துச் சங்கிலியையும் சீட்டுப் பணத்தையும் போட்டு வாங்கும் வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டுமே! பத்திரத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தரகர் அவசரப்படுத்தினால், "படிச்சு முடிச்சிட்டுப் போடறேண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.