மரத்தில் ஓடும் குதிரை

படம் ஒன்றைக் கண்டவுடன் நம்மில் பெரும்பாலோர் கேட்கும் முதற் கேள்வி, "இஃது என்ன?" என்பதே. விடை கிடைக்காவிடில், "குழந்தையின் கிறுக்கல்" என்று ஏட்டைப் புரட்டி விடுகிறோம். மாஸ்கோவில் 1866-ல் பிறந்து, ஜெர்மனியின் மியூனிச் நகரில் குடியேறிய வாஸிலி காண்டின்ஸ்கியின் மரச் செதுக்குச் சித்திரங்களுக்கும் இக்கதி நேருவதுண்டு. பொறுமையுடன் நோக்குவோர்க்கோ அவற்றில் ஓட்டம் புலப்படும்.

மரச் செதுக்கில், வெள்ளையாக வேண்டிய இடங்களைப் பலகையிலிருந்து வெட்டி அகற்றி விடுவார்கள். மேடாக எஞ்சிய பகுதியில் மை தடவிக் காகிதத்தை அழுத்தினால், அது மாத்திரம் பதியும். தூரிகை பிடித்தவர் குதிரையின் கால்களைப் புகைபோல் மங்கலாக்கி வேகத்தைக் காட்டலாம். மரத்தில் அவ்வசதி எளிதில் கிட்டாது; வெட்டி எறிந்ததைத் திரும்ப ஒட்டுவதும் அரிது. ஆகவே, கோட்டின் சாய்விலும் வளைவிலும், அது தடித்து மெலிவதிலுமே ஓட்டத்தைக் காட்டியாக வேண்டும்.

காண்டின்ஸ்கி 1911-ல் செதுக்கிய 'லிரிஷஸ்' என்ற சித்திரத்தில் குதிரைவீரன் ஒருவன் பாய்ந்து செல்கிறான். முகமோ, சேணமோ, உடையோ விவரமாக இல்லை. நீண்ட கழுத்துக்கு ஒரு வளைவு, குனிந்த முதுகுக்கு ஒன்று, கால்களுக்குச் சில கீற்றுகள், அவ்வளவே. ஆயினும் குதிரை நிற்கவில்லை! இச்சித்திரம் இடம்பெற்ற 'க்ளேங்க' என்ற நூலில் 56 மரச் செதுக்குகள் உள்ளன. 'ஒலிகள்' என்பது அப்பெயரின் பொருள். சில பக்கங்களில் வீரனும் குதிரையும் தெளிவாகத் தெரிகின்றனர். வேறு சிலவற்றிலோ உருவம் கரைந்து, பெயரிட இயலாத கோடுகள் மாத்திரம் விரைகின்றன. உருவம் போன பின்னும் வேகம் எஞ்சி நிற்பதே இக்கலையின் விசேஷம்.

நம் நாட்டாரும் இதை அன்றே மதித்தனர். 1922 டிசம்பரில், கல்கத்தாவின் கீழ்த்திசைக் கலைச் சங்கத்தார், லண்டனின் அங்கீகாரத்துக்குக் காத்திராமல், வைமர் நகரின் பௌஹவுஸ் கலைப் பள்ளியிலிருந்து காண்டின்ஸ்கி, க்ளே, ஃபைனிங்கர் முதலியோரின் படைப்புகளை வருவித்தனர். அவற்றுடன் ககனேந்திரநாத் தாகூர் போன்ற நம்மவரின் சித்திரங்களையும் ஒரே கண்காட்சியில் வைத்தனர். அடிமைப்பட்டிருந்த நாளிலும், எதைக் காண்பது, எதை மெச்சுவது என்பதைத் தாமே தீர்மானித்தார்கள். சுதந்திரம் பெற்ற நாம் அதைப் பிறர் தீர்ப்புக்கு விடுவது தகுமா?

இனி இத்தகைய படம் கைக்கு வந்தால், வீட்டுக் குழந்தைகளை அருகில் அழைத்து, "எந்தக் கோடு எங்கே ஓடுகிறது?" என்று விரலால் தொடரச் சொல்லுங்கள். அதன் பெயரைப் பிறகு கேட்டுக் கொள்ளலாம்.