நேரே ஓட மறுக்கும் விமானம்

சென்னை தேனாம்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையத்தில் போய் இறங்கலாம். விடுதலைக்கு முன்பிருந்தே மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் மாணவர்கள் சின்ன விமானம் ஓட்டப் பழகியது அந்த நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தில்தான். அவர்களுக்கு முதல் தலைவலி வானத்தில் அல்ல, தரையில்.

செஸ்னா போன்ற ஒற்றை இன்ஜின் விமானத்தில் மேலெழும்ப, இன்ஜின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியதும் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது கிளப்பும் காற்று விமானத்தின் உடலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போய் வாலின் இடப்புறத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் ஒதுங்க, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. வலது காலால் வால் சுக்கானின் பெடலை மிதித்துத்தான் நேராக்க வேண்டும். வேகம் கூடக்கூட மிதியைத் தளர்த்த வேண்டும். மூக்கைத் தூக்கும்போது மறுபடி அழுத்த வேண்டும். பக்கக்காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்!

1958-இல் முதன்முதலாகப் பறந்த நம் எச்.ஏ.எல். தயாரிப்பான புஷ்பக் விமானம் இன்னும் முரண்டு பிடிக்கும். அதன் மூன்றாவது சக்கரம் வாலடியில். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால். கொஞ்சம் கோணினாலும் வால் முந்தப் பார்க்கும், விமானம் தரையிலேயே வட்டமடித்துவிடும்.

பதறிப்போய் பெடலை ஓங்கி மிதித்தால் வினைதான். விமானம் கட்டுக்கு அடங்கவில்லை என்றால், சக்கரம் தரையில் இருக்கும்போதே த்ராட்டிலை இழுத்து, அந்த ஓட்டத்தைக் கைவிடுவதே சரி.