மூளை செல்கள் இறந்தால்தான் ஞாபகம் நிற்குமா?

மூளையில் செல்கள் இறந்தால் ஞாபகம் போய்விடும் என்றுதான் நாம் நினைப்போம். பிரான்ஸின் போர்டோ நகர விஞ்ஞானிகள் 2007-ல் வெளியிட்ட எலி ஆய்வு வேறு மாதிரி சொன்னது.

தொட்டித் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடையை எலிகள் நீந்திக் கண்டுபிடிக்க வேண்டும். நாளாக நாளாக இடம் பிடிபட்டுவிடும். அந்தக் கட்டத்தில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிதாகப் பிறந்த செல்கள் சில தம்மையே அழித்துக்கொள்கின்றன. பிறந்து சில நாள்கள்தான் ஆகியிருக்கும், பாவம்! சற்று மூத்த செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. இந்தத் தற்கொலைக்குப் பெயர் அப்போப்டோசிஸ்.

அதை மருந்து கொடுத்துத் தடுத்தபோது, எலிகள் இடத்தை நினைவில் வைக்கத் திணறின. மூத்த செல்கள் பிழைப்பதும், புதியவை பிறப்பதும்கூடத் தடைபட்டன.

அல்சைமரில் செல்கள் அழிவது வேறு கதை. ஆனால், செல் சாவை நிறுத்த மருந்து தேடுபவர்கள் இந்த எலிகளையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.