கட்டத்துக்குள் இருப்பதும் கண்ணுக்குத் தெரிவதும்

பருப்பு, வத்தல், எண்ணெய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர் விருதுநகர். கணிப்பொறி வருவதற்கு முன்னால் அந்த வணிகம் முழுவதும் பேரேடுகளில் நடந்தது. கணக்கர் கோடு போட்ட தாளில் பற்று ஒரு பத்தியிலும் வரவு இன்னொரு பத்தியிலுமாக எழுதிக் கூட்டுவார். தாளில் எழுதியிருப்பது 116 என்றால் கணக்கிலும் அது 116 தான். எழுத்தும் மதிப்பும் அங்கே ஒன்றே.

இன்று அந்த இடத்தைக் கணிப்பொறியின் விரிதாள் பிடித்துக்கொண்டது. பாடநூல்கள் இதை அட்டவணைச் செயலி என்றும் கூறும். பார்வைக்கு இதுவும் கோடு போட்ட தாள்தான். ஆனால் பேரேட்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விரிதாளில் கட்டத்துக்குள் இருப்பது ஒன்று. நம் கண்ணுக்குத் தெரிவது வேறொன்றாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் சரியான கணக்கைத் தவறாகப் படித்துவிடுகிறார்கள்.

கரும்பலகையில் பிறந்த எண்ணம்

1978-ஆம் ஆண்டில் டான் பிரிக்லின் என்பவர் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தார். பேராசிரியர்கள் கரும்பலகையில் பெரிய கணக்கு அட்டவணைகளை எழுதுவார்கள். நடுவில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த அத்தனை எண்களையும் அழித்து எழுத வேண்டும். 'ஓர் எண்ணை மாற்றியதும் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் கரும்பலகை இருந்தால்?' என்று பிரிக்லின் நினைத்தார். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்னும் விரிதாள் 1979-இல் ஆப்பிள்-2 கணிப்பொறிக்காக வெளிவந்தது. ஓர் எண்ணை முழு எண்ணாகக் காட்டு, இரண்டு தசம இடங்களுடன் காட்டு என்று கட்டளையிடும் வசதி அந்த விரிதாளிலேயே இருந்தது. இன்றைய எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் முதலியவை அதன் வழித்தோன்றல்களே.

கட்டமும் அதன் உடையும்

விரிதாளில் மேலிருந்து கீழாகச் செல்வது நெடுவரிசை. இடமிருந்து வலமாகச் செல்வது கிடைவரிசை. நெடுவரிசைக்கு ஏ, பி, சி என்று எழுத்துப் பெயர். கிடைவரிசைக்கு 1, 2, 3 என்று எண். இரண்டும் சந்திக்கும் இடமே கட்டம். இதனைச் 'செல்' என்றும் 'நுண்ணறை' என்றும் சொல்வதுண்டு. எக்செல்லின் ஒரு தாளில் 16,384 நெடுவரிசைகளும் 10,48,576 கிடைவரிசைகளும் உள்ளன.

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, அதன் மதிப்பு. மற்றொன்று, அந்த மதிப்பை எப்படிக் காட்ட வேண்டும் என்னும் கட்டளை. இந்த இரண்டாவதைத்தான் வடிவூட்டம் என்கிறோம். மதிப்பு ஆள் என்றால் வடிவூட்டம் அவர் உடுத்தியிருக்கும் உடை. உடையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை.

ஒரு கட்டத்தில் 0.75 என்று எழுதுங்கள். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 1 என்னும் விசையைத் தட்டினால் வடிவூட்டப் பலகை திறக்கும். அதில் விழுக்காடு என்பதைத் தேர்ந்தால் 75% என்று தெரியும். எண் என்பதைத் தேர்ந்து தசம இடம் பூஜ்யம் என்றால் 1 என்று தெரியும்! ஆனால் அந்தக் கட்டத்தை 100-ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை 75 தான் வரும். 12,34,567 என்று நம் முறையில் காற்புள்ளி இட்டாலும் 1,234,567 என்று மேலைநாட்டு முறையில் இட்டாலும் உள்ளே இருக்கும் எண் ஒன்றே.

தேதியும் ஓர் எண்ணே

நாட்காட்டி அச்சுக்குப் பெயர் பெற்ற ஊர் சிவகாசி. தாளில் அச்சிட்ட தேதி தேதிதான். விரிதாளுக்கோ தேதி என்று தனியாக ஒன்றும் கிடையாது. 1900 ஜனவரி 1-ஐ 1 என்று கொண்டு எக்செல் நாட்களை எண்ணி வைத்திருக்கிறது.

விருதுநகர் மாவட்டம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நாள் 15-3-1985. இதை ஒரு கட்டத்தில் எழுதி, வடிவூட்டத்தை எண் என்று மாற்றுங்கள். 31121 என்று தெரியும். 15-3-2025 என்பது 45731. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 14610. அதாவது மாவட்டத்துக்கு நாற்பது வயது நிரம்பியபோது 14,610 நாட்கள் கடந்திருந்தன. இப்போது விடைக் கட்டத்தைத் தேதி வடிவுக்கு மாற்றிப் பாருங்கள். 31-12-1939 என்று வந்து நிற்கும்! கணிப்பொறி குழம்பவில்லை. 14610 என்னும் எண்ணுக்கு நாம் தவறான உடை போட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

இன்னொரு எச்சரிக்கை. 3-4-2025 என்று எழுதினால் நம் முறையில் அது ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணிப்பொறியோ அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். இது உடைக் கோளாறு அன்று; மதிப்பே மாறிவிட்டது. ஆகவே எழுதியவுடன் மாதத்தின் பெயர் தெரியும்படி வடிவூட்டிச் சரிபார்ப்பது நல்லது.

பட்டாசின் ஓசையை அளப்போம்

இனி, இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதைச் சிவகாசியின் தொழிலைக் கொண்டே பார்ப்போம். பட்டாசின் ஓசைக்கு 1999-இல் மத்திய அரசு ஒரு வரம்பு விதித்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஓசை 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. (திடீரென்று எழும் ஓசையை நம் காது உணரும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் டெசிபல் இது.) பல வெடிகளைக் கோத்த சரவெடி என்றால், அதில் உள்ள ஒவ்வொரு வெடிக்கும் வரம்பு இன்னும் குறையும். எவ்வளவு குறையும்? சரத்தில் உள்ள வெடிகளின் எண்ணிக்கைக்கு 10 அடிமான மடக்கை கண்டு அதை 5-ஆல் பெருக்கினால் வருவதே குறையும் அளவு. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சரவெடிகளுக்குத் தடை விதித்தது. எனினும் விரிதாளுக்கு இந்தச் சூத்திரம் நல்ல பயிற்சி.

சரத்தில் 10 வெடி என்றால் மடக்கை 1, வரம்பு 120. 100 வெடி என்றால் மடக்கை 2; வரம்பு 115. 50 வெடி என்றால்? மடக்கை 1.69897. அதை 5-ஆல் பெருக்கினால் 8.49485. வரம்பு 116.50515 டெசிபல்.

இந்த 50 வெடிச் சரத்தை ஒருவர் அளந்து 116.8 டெசிபல் கண்டதாக வைத்துக்கொள்வோம். அட்டவணை அழகாக இருக்கட்டும் என்று தசம இடங்களைப் பூஜ்யமாக்கிவிட்டார். இப்போது வரம்பு 117 என்று தெரிகிறது. அளவும் 117 என்றே தெரிகிறது. அச்சிட்ட தாளைப் பார்ப்பவர், 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று சொல்லிவிடுவார். உண்மையில் வரம்பு 0.3 டெசிபல் மீறப்பட்டிருக்கிறது.

0.3 என்பது அற்பம் என்று எண்ணாதீர்கள். டெசிபல் மடக்கை அளவு. 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்காகும். 0.3 டெசிபல் கூடினால் செறிவு சுமார் 7 விழுக்காடு கூடும். அதைத் தாங்க வேண்டியது அருகில் நிற்கும் குழந்தையின் செவிப்பறை.

அப்படியானால் 116.50515 என்று முழுவதையும் காட்டிவிடலாமா? அதுவும் சரியன்று. நம் ஓசை அளவி பத்தில் ஒரு டெசிபல் வரைதான் காட்டும் என்றால், ஐந்து தசம இடங்கள் இல்லாத நுட்பத்தை இருப்பதுபோல் காட்டும். கருவி எத்தனை இடம் வரை அளக்கிறதோ அத்தனை இடம் காட்டுவதே நேர்மை. இங்கே 116.5, 116.8 என்று ஓர் இடம் போதும். மீறல் உடனே தெரிந்துவிடும்.

உடையை மாற்றாமல் மதிப்பையே முழுமையாக்கும் 'ரவுண்ட்' என்னும் கட்டளையும் உண்டு. அதைக் கணக்கின் இறுதியில் மட்டும் பயன்படுத்துங்கள். இடையில் பயன்படுத்தினால் வெட்டிய பகுதி மீண்டும் கிடைக்காது.

வண்ணம் பேசும் உண்மை

அளவு வரம்பை மீறினால் கட்டம் தானே சிவப்பாக வேண்டும் என்று கட்டளையிடலாம். இதற்கு நிபந்தனை வடிவூட்டம் என்று பெயர். விரிதாள் ஒப்பிடுவது உள்ளிருக்கும் மதிப்புகளைத்தான். ஆகவே இரண்டும் 117 என்று தெரிந்தாலும் கட்டம் சிவந்துவிடும். கையால் பூசிய சிவப்போ அப்படியன்று. எண்ணைத் திருத்திய பிறகும் அந்த நிறம் அப்படியே நின்று பார்ப்பவரை ஏமாற்றும்.

கட்டத்தில் ##### என்று தோன்றினால் அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் எண் கெட்டுவிடவில்லை. நெடுவரிசையின் அகலம் போதவில்லை. நெடுவரிசைத் தலைப்பின் வலது ஓரக் கோட்டை இருமுறை தட்டினால் அகலம் தானே சரியாகும்.

எண்போல் தோன்றும் எழுத்துகள்

ஒரு கட்டத்தில் '250 கிலோ' என்று எழுதினால் விரிதாள் அதை எழுத்துச் சரம் என்றே கொள்ளும். மூட்டைக் கணக்கைக் கூட்டும்போது அதை ஓசைப்படாமல் விட்டுவிடும். 250 என்று மட்டும் எழுதி, கிலோ என்பதை வடிவூட்டத்தில் சேர்ப்பதே முறை. தாமாக எண்கள் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒதுங்கும். ஓர் எண் இடப்பக்கம் நின்றால் ஐயப்படுங்கள்.

எதிர்மாறான தவறும் உண்டு. வங்கிக் கணக்கு எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. உண்மையில் அது ஒரு பெயர். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக எழுதினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் மறைந்துவிடும். உதவித்தொகைப் பட்டியலில் இப்படி நேர்ந்தால் ஒரு மாணவரின் பணம் அவரைச் சேராது. எனவே எண்களை எழுதுவதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் 'உரை' என்று வடிவூட்டிவிட வேண்டும். எழுதிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

அறிவியலாளர்களும் இதில் தப்பவில்லை. மார்ச்-1, செப்ட்-2 என்பன போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பதாக 2016-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 2020-இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. இப்போது மார்ச்-1 என்பது மார்ச்எஃப்-1. செப்ட்-2 என்பது செப்டின்-2.

செய்து பாருங்கள்

1. விருதுநகரில் காமராசர் பிறந்த நாள் 15-7-1903. அது எந்த எண்? தனிப்பயன் வடிவூட்டத்தில் 'டி' என்னும் ஆங்கில எழுத்தை நான்கு முறை எழுதிக் கிழமையையும் காணுங்கள். (விடை: 1292, புதன்.)

2. மூன்று கட்டங்களில் 33.4 என்று எழுதித் தசமம் இல்லாமல் காட்டுங்கள். மூன்று 33 கூடி 100 ஆவது எப்படி என்று நண்பரிடம் விளக்குங்கள்.

3. 10, 25, 50, 100 வெடிகளுக்கான ஓசை வரம்பைச் சூத்திரத்தால் கண்டு, மீறிய அளவுகள் தாமாகவே சிவக்கும்படி அட்டவணை அமையுங்கள்.

யாரேனும் ஓர் அட்டவணையை உங்களிடம் நீட்டினால், ஐயத்துக்குரிய கட்டத்தைத் தட்டி மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பாருங்கள். கட்டத்துக்குள் எழுதப்பட்ட மதிப்போ சூத்திரமோ அங்கேதான் தெரியும்.