ஷாட் குவியுது, கோல் விழலையே! சீசன் தொடக்கத்தில் சொதப்பும் அணி நிஜமாகவே மோசமா, இல்ல வெறும் துரதிர்ஷ்டமா?

2023 நவம்பர் 9. அமெரிக்கா, கனடா அணிகள் மோதும் என்.ஹெச்.எல் ஐஸ் ஹாக்கி லீக்கில் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி, சேன் ஹோசே ஷார்க்ஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது. இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ஷார்க்ஸ் அந்த சீசனில் அதுவரை ஆடிய 12 ஆட்டங்களில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. அதுவும் இரண்டு நாளைக்கு முன்புதான். ஆயிலர்ஸிலோ உலகின் தலைசிறந்த வீரர் என்று பலரும் சொல்லும் கானர் மெக்டேவிட் இருக்கிறார். பக்கத்திலேயே லியோன் டிரைசைட்டில். சீசனுக்கு முன்னால் 'இந்த முறை கோப்பை இவங்களுக்குத்தான்' என்று கணித்தவர்கள் ஏராளம்.

அந்த இரவு முடிந்தபோது இரண்டு அணிகளும் தலா 5 புள்ளிகளோடு 32 அணிகள் கொண்ட லீக்கின் அடியில் கிடந்தன. ஆயிலர்ஸின் கணக்கு: 12 ஆட்டம், 2 வெற்றி, 9 தோல்வி, கூடுதல் நேரத்தில் 1 தோல்வி.

ரசிகர்கள் கொதித்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதுதான் சுவாரஸ்யம். 'டீம் படுமோசம், கோச்சைத் தூக்குங்க' என்றது ஒரு கூட்டம். 'நல்லாத்தான் ஆடுறாங்க, பக் உள்ளே போக மாட்டேங்குது, கொஞ்சம் பொறுங்க' என்றது இன்னொரு கூட்டம். வருஷா வருஷம் அக்டோபர், நவம்பரில் ஏதாவது ஓர் ஊரில் நடக்கும் சண்டைதான் இது. ஆனால் அதை ஆயிலர்ஸ் அளவுக்கு உச்சத்துக்குக் கொண்டுபோன அணி அரிது.

எதை 'ஷாட்' என்று எண்ணுகிறார்கள்?

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். ஐஸ் ஹாக்கியில் கோல் வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். அதன் முன்னால் பெரிய பெரிய பேடுகளோடு கோல்கீப்பர். பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. கோலாக மாறுவதும், கோல்கீப்பர் தடுக்காவிட்டால் கோலாகியிருக்கும் என்பதும் மட்டுமே அதிகாரப்பூர்வமான ஷாட். கம்பத்தில் 'டங்' என்று பட்டுத் திரும்பினால் அது கணக்கிலேயே வராது. அரங்கமே தலையில் கை வைக்கும், ஆனால் ஸ்கோர் ஷீட்டில் அது குறி தவறிய ஷாட்தான்.

ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 30 ஷாட் போல அடிக்கும். அதில் ஏறக்குறைய 10 சதவீதம், அதாவது 3 கோலாகும். இதைத்தான் ஷூட்டிங் சதவீதம் என்கிறார்கள். எதிர்ப்பக்கம் கோல்கீப்பர் தடுக்கும் பங்கு சேவ் சதவீதம். அது சராசரியாக 90.

இப்போது ஒரு சின்ன கணக்கு. 12 ஆட்டத்தில் ஓர் அணி 360 ஷாட் அடிக்கிறது. 10 சதவீதம் என்றால் 36 கோல். அது 8 சதவீதமாகச் சரிந்தால் 29 கோல். 7 கோல் காணோம். அதே நேரத்தில் சொந்த கோல்கீப்பர் 90-க்குப் பதில் 87 சதவீதம் தடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 36 கோல் வாங்க வேண்டிய இடத்தில் 47. இரண்டையும் சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை கோல் பள்ளம். ஒரு கோல் வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்கள் குவியும் இந்த விளையாட்டில், அது ஒரு நல்ல அணியைக் கடைசி இடத்துக்குத் தள்ளப் போதும்.

இதில் முக்கியமான பாயின்ட், இப்படிச் சரிய யாரும் தப்பு செய்ய வேண்டியதே இல்லை. எல்லா அணிகளும் ஒரே திறமை என்று வைத்துக்கொண்டாலும், 360 ஷாட்டில் 9, 10 அணிகள் வெறும் சான்ஸிலேயே 6 கோலுக்கு மேல் கூடவோ குறையவோ அடிக்கும். நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டினால் ஏழு தலை விழுவது போலத்தான். ஆயிரம் தடவை சுண்டினால் 700 தலை விழாது.

ரசிகர்கள் கண்டுபிடித்த எண்

இந்த இரண்டு சதவீதங்களையும் கூட்டினால் வருவதற்கு 'பிடிஓ' என்று பெயர். விரிவாக்கம் என்ன என்று தேடாதீர்கள், கிடையாது. பிரையன் கிங் என்ற ரசிகர் இணையத்தில் வைத்திருந்த புனைபெயர் அது. யோசனை அவருடையது என்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

இதன் அழகு எளிமையில் இருக்கிறது. ஒருவர் அடிக்கும் கோல் இன்னொருவர் தடுக்காமல் விட்ட கோல். எனவே லீக் முழுவதற்கும் கூட்டுத்தொகை எப்போதும் 100. ஓர் அணி 96-ல் இருந்தால் 'பாவம், நேரம் சரியில்லை' என்று சந்தேகிக்கலாம். 104-ல் இருந்தால் 'ரொம்ப ஆடாதீங்க' என்று எச்சரிக்கலாம். நாள் போகப்போக பெரும்பாலான அணிகள் 100 பக்கம் நகர்ந்துவிடும்.

இன்னோர் எண் 'கோர்சி'. வலைக்குப் போன ஷாட், குறி தவறியது, நடுவில் தடுக்கப்பட்டது என எல்லா முயற்சிகளையும் எண்ணுவது. பஃபலோ சேபர்ஸ் அணியின் கோல்கீப்பிங் கோச்சாக இருந்த ஜிம் கோர்சியின் பெயர். யாரிடம் பக் அதிக நேரம் இருக்கிறது, யார் ஆட்டத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்பதற்கு இது ஒரு குத்துமதிப்பான அளவுகோல். அதற்கும் அடுத்த கட்டம் 'எதிர்பார்ப்பு கோல்'. எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில், எப்படி அடித்த ஷாட் என்று பார்த்து, அது கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடுவது.

2023 நவம்பரில் ஆயிலர்ஸின் நிலவரம் இதுதான்: ஷாட்டிலும் எதிர்பார்ப்பு கோலிலும் லீக்கின் முன்வரிசை, சேவ் சதவீதத்தில் அடிமட்டம், பிடிஓவிலும் அடிமட்டம். 'பொறுங்க' கட்சிக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அப்போ எல்லாமே அதிர்ஷ்டமா?

இல்லை. இங்கேதான் 'கோச்சைத் தூக்குங்க' கட்சிக்கும் காது கொடுக்க வேண்டும்.

முதல் விஷயம், ஷாட் எண்ணிக்கை பொய் சொல்லும். முன்னிலையில் இருக்கும் அணி ரிஸ்க் எடுக்காமல் பின்னால் இறங்கித் தடுப்பதில் குறியாக இருக்கும். பின்தங்கிய அணி கண்ணில் பட்ட இடத்திலிருந்தெல்லாம் அடிக்கும். ஆக, அடிக்கடி பின்தங்குகிற அணிக்கு ஷாட் கணக்கு தானாகவே ஏறும். 'நாங்க 40 ஷாட் அடிச்சோம்' என்று பெருமைப்படுவதற்கு முன், அதில் எத்தனை 3-0 என்று பின்தங்கிய பிறகு அடித்தது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, அந்த சீசனில் தற்காப்பு முறையை மாற்றியிருந்தார் கோச் ஜே வுட்கிராஃப்ட். எதிரணி வீரரைத் துரத்துவதைக் குறைத்து, ஆளுக்கு ஓர் இடத்தைக் காக்கும் முறை. வீரர்கள் அதற்குப் பழகத் திணறினார்கள். முதல் ஆட்டத்திலேயே வான்கூவர் கனக்ஸிடம் 8-1. அந்த மாதிரி ஸ்கோரைப் பார்த்துவிட்டு 'சும்மா துரதிர்ஷ்டம்' என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். போதாக்குறைக்கு மெக்டேவிட் காயத்தால் இரண்டு ஆட்டங்கள் ஆடவில்லை.

மூன்றாவது, எல்லோருடைய ஷாட்டும் ஒன்றல்ல. டிரைசைட்டில் 2018-19 சீசனில் 50 கோல் அடித்தபோது, அவர் அடித்த ஷாட்டில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் கோலானது. சராசரி வீரரைப் போல இரண்டு மடங்கு. அது ஒரு சீசன் அதிர்ஷ்டம் அல்ல, அவர் வருடக்கணக்கில் அப்படித்தான். இன்னொரு பக்கம், வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை 2025 ஏப்ரலில் தாண்டிய அலெக்ஸ் ஒவெச்கின் வேறு ரகம். அவருடைய சதவீதம் அவ்வளவு மிரட்டலாக இருக்காது, ஆனால் மற்ற எல்லோரையும்விட அதிகமாக அடித்துக்கொண்டே இருந்தார்.

பவர் பிளேயில் எழும் 'ஷூட்!' கூச்சலின் குழப்பமும் இதுதான். எதிரணி வீரர் ஒருவர் தண்டனையாக இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்திருப்பார். ஆளெண்ணிக்கையில் அனுகூலம் இருக்கும்போது பக்கைப் பாஸ் செய்துகொண்டே இருந்தால் கேலரியில் பொறுமை போய்விடும். ஆனால் ஆயிலர்ஸ் 2022-23 சீசனில் 32.4 சதவீத பவர் பிளேக்களைக் கோலாக்கி லீக் வரலாற்றில் சாதனை படைத்ததே, கோல்கீப்பர் இடம் மாறும்வரை பக்கைச் சுற்றவிட்டு ஆடியதால்தான். கேலரியில் இருந்து கத்துபவர்களுக்கு ஷாட் வேண்டும். கோல் வேண்டுமென்றால் சில நேரம் இன்னொரு பாஸ் வேண்டும்.

அதிர்ஷ்டம் தலைகீழாகவும் வேலை செய்யும். 2013-14-ல் கொலராடோ அவலாஞ்ச் ஷாட் கணக்கில் எதிரணிகளிடம் பின்தங்கியபடியே 112 புள்ளிகள் எடுத்தது. எண்களைப் பார்ப்பவர்கள் 'இது நிலைக்காது' என்றார்கள், ரசிகர்கள் கோபப்பட்டார்கள். அடுத்த சீசனில் 90 புள்ளிகள், பிளே ஆஃப் கூட இல்லை.

கோச் வேலை போன கதை

ஷார்க்ஸிடம் தோற்ற மூன்றாம் நாள், 2023 நவம்பர் 12 அன்று வுட்கிராஃப்ட் நீக்கப்பட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முந்தைய நாள்தான் சியாட்டிலை 4-1 என்று வென்றிருந்தார்கள்! அதற்கும் முன்பே, ஐந்து ஆண்டுகளுக்கு இரண்டரைக் கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்த கோல்கீப்பர் ஜாக் கேம்பெல் இரண்டாம் கட்ட லீக்குக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

நிர்வாகம் ஏன் காத்திருக்கவில்லை? சீசனுக்கு 82 ஆட்டம் என்றாலும், நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்க தேங்க்ஸ்கிவிங் நாளில் பிளே ஆஃப் இடத்தில் இருக்கும் அணிகளில் நான்கில் மூன்று பங்கு கடைசிவரை அதே இடத்தில் நிற்கும் என்பது லீக்கில் பிரபலமான கணக்கு. அதோடு டிரைசைட்டிலின் ஒப்பந்தம் 2025-லும் மெக்டேவிட்டின் ஒப்பந்தம் 2026-லும் முடிய இருந்தன. 1993-க்குப் பிறகு எந்தக் கனடா அணியும் ஸ்டான்லி கோப்பையைத் தொடவில்லை. ஒரு சீசனை வீணாக்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

புதிய கோச் கிறிஸ் நோப்ளாக், மெக்டேவிட்டுக்கு ஜூனியர் லீக்கில் பயிற்சி கொடுத்தவர். அடுத்து நடந்தது கிட்டத்தட்ட சினிமா. டிசம்பர் 21 முதல் ஜனவரி 27 வரை தொடர்ச்சியாக 16 வெற்றி. 1992-93-ல் பிட்ஸ்பர்க் படைத்த 17 வெற்றி சாதனைக்கு ஒன்றே ஒன்று குறைவு. நோப்ளாக்கின் கீழ் 69 ஆட்டங்களில் 46 வெற்றி. இறுதிப் போட்டியில் புளோரிடா பாந்தர்ஸிடம் 0-3 என்று பின்தங்கி, 3-3 என்று சமன் செய்து, ஏழாவது ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள். தோற்ற அணியில் இருந்தும் பிளே ஆஃபின் சிறந்த வீரர் விருது மெக்டேவிட்டுக்கே போனது.

முழுப் பெருமையும் நோப்ளாக்குக்குப் போக வேண்டுமா? கடினம்தான். வலையில் நின்றது பெரும்பாலும் அதே ஸ்டூவர்ட் ஸ்கின்னர், கோல் அடித்தது அதே வீரர்கள். தற்காப்பு சீரானது உண்மை. ஆனால் வுட்கிராஃப்ட் இன்னும் பத்து ஆட்டம் இருந்திருந்தாலும் அந்தப் பக் ஒருநாள் உள்ளே போகத் தொடங்கியிருக்கும் என்பதற்கே எண்கள் சாட்சி சொல்கின்றன. நஷ்டம் என்னவோ ஒரே ஒருவருக்குத்தான். 133 ஆட்டங்களில் 79 வெற்றி பெற்ற அவர், 2025-ல் அனஹைம் டக்ஸில் அசிஸ்டன்ட் கோச்சாகத்தான் மீண்டும் என்.ஹெச்.எல் பெஞ்சுக்குத் திரும்பினார்.

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2015-ல் முதல் நான்கு ஆட்டங்களையும் தோற்ற மும்பை இந்தியன்ஸ்தான் அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கியது.

2024 அக்டோபரில் ஆயிலர்ஸ் மறுபடி அதே வேலையைக் காட்டியது. முதல் ஆட்டத்தில் வின்னிபெக்கிடம் 6-0, பிறகு சிகாகோ, கால்கரி என வரிசையாக மூன்று தோல்வி. 'கோச்சைத் தூக்குங்க' குரல் மறுபடி எழுந்தது. இந்த முறை நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. 2025 ஜூனில் ஆயிலர்ஸ் மறுபடி இறுதிப் போட்டியில் நின்றது. மறுபடி அதே புளோரிடாவிடம், இந்தத் தடவை ஆறே ஆட்டத்தில் தோற்றது.