வாசலில் எந்தப் பாட்டு?

வெயில் ஏறுமுன்னே பாடசாலை வாசலில் நிறைகுடம் வைத்தாயிற்று. இரு பக்கமும் குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம். நேற்றுவரை முன்பள்ளிக்குப் போன பிள்ளைகள் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு நிற்கிறார்கள். முதுகில் தோளைவிட அகலமான புத்தகப் பை. ஒரு கை அம்மாவின் சேலைத் தலைப்பை விட மறுக்கிறது. எதிரே, கையில் மாலையுடன் இரண்டாம் தரப் பிள்ளைகள். போன வருடம் இதே வாசலில் இதே சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றவர்கள்தான் அவர்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்நிகழ்வுக்குக் கால்கோள் விழா என்று பெயர். சொல் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் இந்திர விழாவின் தொடக்கத்துக்கும் இச்சொல்லே வருகிறது. கண்ணகிக்குச் சிலை செய்ய இமயத்தில் கல் எடுத்ததைச் சொல்லும் பகுதிக்கும் கால்கோட் காதை என்றே பெயர். அரசர் காரியங்களுக்கு வழங்கிய சொல், ஐந்து வயதுப் பிள்ளை வகுப்பறைக்குள் வைக்கும் முதல் அடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைத்திராது.

இலங்கையில் ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிரம்பிய பிள்ளை தரம் ஒன்றுக்குத் தகுதி பெறும். வழமையாகத் தை மாதத்தில் நடக்கும் விழா இது. கொரோனாவுக்குப் பின் கல்வியாண்டு இடம் பெயர்ந்து, 2022இல் ஏப்ரலுக்கும் 2023இல் மார்ச் கடைசிக்கும் 2024இல் பெப்ரவரிக்கும் போய், 2025இல்தான் மீண்டும் ஜனவரிக்கு வந்தது. மாதம் மாறினாலும் முறை மாறவில்லை. பாண்ட் வாத்தியத்துடன் ஊர்வலம், தேவாரம், தேசிய கீதம், பாடசாலைக் கீதம், அதிபர் உரை, விருந்தினர் உரை. இவற்றுக்கு நடுவே சில நிமிடம் இரண்டாம் தரப் பிள்ளைகளின் வரவேற்புப் பாட்டு. மாலைக்கும் பந்தலுக்கும் வாரக் கணக்கில் யோசிக்கும் பாடசாலைகள் பல, இந்தப் பாட்டை மட்டும் கடைசி நேரத்தில் கைக்கு எட்டியபடி எடுத்துவிடுகின்றன. சில இடங்களில் அதையும் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டு பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் அதற்கு ஆடுகிறார்கள், பாடுவதில்லை.

இந்தப் பாட்டு விஷயத்தில் ஜப்பானியர் கவனமானவர்கள். அங்கே பள்ளி தொடங்குவது ஏப்ரலில், செர்ரி மரங்கள் பூக்கும் காலத்தில். புதிய பிள்ளைகளை வரவேற்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடுவதும், மெலோடிக்கா வாசிப்பதும் அங்கே வழக்கம். அந்தப் பருவத்துக்கென்றே அங்கு ஒரு பாட்டு உண்டு. ‘முதலாம் வகுப்புக்குப் போனதும்’ என்பது அதன் தலைப்பின் பொருள். 1966இல் வந்தது. எழுதியவர் மதோ மிச்சியோ, இசை யமமோத்தோ நவோசுமி. மிச்சியோ 1994இல் ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன் விருது பெற்று, 104 வயதுவரை வாழ்ந்த குழந்தைக் கவிஞர்.

அந்தப் பாட்டில் பள்ளிக்குப் போகப்போகிற பிள்ளை பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. நூறு நண்பர்கள் கிடைப்பார்களா என்று கேட்கிறது. கிடைத்தால் நூறு பேராக ஃபூஜி மலை உச்சியில் சோற்று உருண்டை சாப்பிட ஆசைப்படுகிறது. தன்னையும் சேர்த்தால் நூற்றொருவர் அல்லவா, மீதி ஒருவர் எங்கே என்று ஜப்பானியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள். நன்றாகப் படி, ரீச்சர் சொல்லைக் கேள் என்ற புத்திமதி பாட்டில் இல்லை. இன்னொன்று முக்கியம்: முன்பள்ளியிலேயே பிள்ளைகள் இதைப் பாடிப் பழகிவிடுகிறார்கள். பாட்டு அவர்கள் வாயில் இருக்க, பள்ளி வாசலுக்கு வருகிறார்கள்.

யாழ்ப்பாணத்திடம் பாட்டுக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. 1935லேயே ‘பிள்ளைப் பாட்டு’ என்ற குழந்தைப் பாடல் தொகுதி வந்த மண் இது. தேசிய கீதத்தைத் தமிழில் தந்த வட்டுக்கோட்டை மு. நல்லதம்பிப் புலவர் சிறுவருக்கும் பாடல்கள் எழுதியவர். எல்லோருக்கும் மேலாக நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953). ஆசிரியராகவே வாழ்ந்த அவரை ஊர் தங்கத் தாத்தா என்று அழைத்தது. அவருடைய ஆடிப்பிறப்புப் பாட்டை அறியாத யாழ்ப்பாணத்தவர் அரிது. கூழும் கொழுக்கட்டையும் மணக்கும் அந்தப் பாட்டு, நாளைக்குப் பள்ளி விடுமுறை என்ற மகிழ்ச்சியோடுதான் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பிள்ளையின் மனத்துக்குள் இறங்கி நின்று எழுதிய வரி அது. ஆனால் ஆடிக்குரிய பாட்டைத் தையில் பாடுவது பொருந்தாது. பள்ளி தொடங்கும் நாளில் விடுமுறையைப் பாடுவது அதைவிடப் பொருந்தாது. அதே புலவரின் கத்தரி வெருளிப் பாட்டு வேறு மாதிரி. கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியைக் கண்டு சிரிக்காத பிள்ளை இல்லை. பயத்தோடு வரும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஒரு சிரிப்பு.

தெரிவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு வேலணை வித்துவான் க. வேந்தனார் (1918–1966) எழுதிய அம்மாப் பாட்டு ஓர் எடுத்துக்காட்டு. தாயன்பைச் சொல்ல ஈழத்துக் குழந்தைப் பாடல்களில் அதற்கு நிகர் சொல்வது கடினம். ஆனால் அம்மாவின் கையை விட்டுப் பிரியும் அந்த நிமிடத்தில் அதைப் பாடினால், அடக்கி வைத்த அழுகை வரிசை முழுக்க உடைந்துவிடும். பிள்ளைகள் மட்டுமா? மதிலோரம் நிற்கும் பெற்றோரில் பலர் போரால் நேர்ந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக் காலத்தில் அந்த வயதில் இருந்தவர்கள். மர நிழலிலும் கொட்டிலிலும் அரிவரி படித்த தலைமுறை. பிள்ளை மாலையோடு உள்ளே போவதைப் பார்க்கும்போதே அவர்களுக்குக் கண் நிறைந்துவிடுகிறது. அம்மாப் பாட்டை இரண்டாம் தவணைக்கு வைத்துக்கொள்ளலாம். பாரதியின் பாப்பாப் பாட்டை எடுப்பவர்களும் முழுவதையும் பாடத் தேவையில்லை. விளையாட அழைக்கும் தொடக்கக் கண்ணிகள் அன்றைக்குப் போதும். அறிவுரை வரும் கண்ணிகளுக்கு இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன.

மெட்டும் கவனிக்க வேண்டியது. ஐந்து வயதுக் குரல் மேலேயும் கீழேயும் அதிகம் போகாது. ஜப்பானில் 1881இல் தொடங்கிப் பள்ளிக்கென்று பாட்டுத் தொகுதிகள் வந்தன. அந்தப் பழைய பாடல்களில் பல ஐந்து சுரங்களுக்குள் அமைந்தவை. ச, ரி, க, ப, த என்று பாடிப் பார்த்தால் நம் காதுக்கு அது மோகனம். சறுக்க இடமில்லாத ராகம் என்பதால் புதிய பிள்ளையும் இரண்டாம் தடவையிலேயே சேர்ந்து பாடிவிடும். கைதட்டக் கும்மி அல்லது சிந்து நடை, திரும்பத் திரும்ப வரும் ஓரடி, அதில் வந்தவர்களின் பெயரைச் சேர்க்க ஓர் இடம். இவை போதும். சங்கீத ரீச்சர் மனம் வைத்தால் ஒரு மாலைப் பொழுதில் கட்டிவிடக்கூடிய பாட்டு.

பெயரைச் சேர்க்கும் பாட்டுக்குச் சிறிய பாடசாலைகளில்தான் பெறுமதி அதிகம். தீவகத்திலும் வடமராட்சி கிழக்கிலும் முதலாம் தரத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே வரும் பாடசாலைகள் உண்டு. ஜப்பானின் மலைக் கிராமங்களிலும் இதே நிலைதான். ஒரேயொரு பிள்ளைக்காக முழுப் பள்ளியும் எழுந்து நின்று பாடும் விழாக்கள் அங்கே நடக்கின்றன. நான்கு பேர் வந்தால் நான்கு பெயரையும் பாட்டில் வைத்துப் பாடலாம். பெரிய பாடசாலையின் பாண்ட் வாத்தியம் தர முடியாத மரியாதை அது.

வரும் ஆண்டு வாசலில் மாலையுடன் நிற்கப் போகிறவர்கள் இப்போது முதலாம் தரத்தில் இருக்கும் பிள்ளைகள். ரீச்சர்மாரே, மூன்றாம் தவணை முடியுமுன் அவர்களுக்கு ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுங்கள். அதே பாட்டை எழுதி அயலில் உள்ள முன்பள்ளிக்கும் அனுப்பிவையுங்கள். புதிதாக வரும் பிள்ளைகளும் அதைப் பாடிக்கொண்டே வரட்டும்.